மூன்றாவது கம்பி

1. கரண்ட் போகவில்லை

பெங்களூரில் அல்சூர். அங்கே ஒரு பழைய வட்டாரா. ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் வீடுகளைக் கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். இந்த வட்டாராவில் ஆறு வீடுகள். ஓட்டுக் கூரை. முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். வீட்டுக்காரர் வேறு தெருவில் இருக்கிறார்.

மூன்றாவது வீட்டில் இட்லிக் கடை அக்கா குடியிருக்கிறார். அவர் எங்கள் படிப்பு மையத்துக்கு வருபவர். தினமும் மாலையில் மாவு அரைப்பார். விடியற்காலையில் தெரு முனையில் இட்லி விற்பார். அவருடைய பிழைப்பே கிரைண்டரில்தான்.

கிரைண்டரின் பிளக்கில் மூன்று கால்கள். சுவரில் இருந்த பழைய சாக்கெட்டில் இரண்டு துளைகள். என்ன செய்வது? அக்கா பிளக்கைக் கழற்றினார். இரண்டு வயரைத் துளையில் செருகினார். தீக்குச்சி வைத்து இறுக்கினார். கிரைண்டர் ஓடியது. ஆனால் மாவைத் தள்ளும்போதெல்லாம் கையில் சுரீர் என்றது. அக்கா ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டார்.

தெரிந்த பையன் ஒருவன் வந்தான். பழைய சாக்கெட்டைக் கழற்றினான். புதிய மூன்று துளை சாக்கெட்டைப் பொருத்தினான். பிளக் அழகாக உட்கார்ந்தது. சுரீர் என்பதும் நின்றுவிட்டது. அக்காவுக்கு நிம்மதி. பலகையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார்.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு மழை நாள் மாலை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாம் நின்றது. விளக்கும் அணைந்தது.

"கரண்ட் போச்சு" என்றார் அக்கா. ஈரத் துணியை எடுத்தார். கிரைண்டரைத் துடைக்கக் கை வைத்தார். அவ்வளவுதான். கை ஒட்டிக்கொண்டது. குரல் வரவில்லை.

அவருடைய மகன் வாசலில் இருந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிற பையன். அம்மாவைத் தொடவில்லை. ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அக்கா கீழே விழுந்தார். விரல்களில் தீக்காயம். நான்கு நாள் ஆஸ்பத்திரி. பத்து நாள் கடை இல்லை. உயிர் பிழைத்தார்.

அப்போது பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவே இல்லை. அக்கா வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்த வீட்டில் கிரைண்டர் எப்படிக் கரண்ட் அடித்தது?

அடுத்த வாரம் எங்கள் மையத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். விடை சொல்ல ஒரு வயர்மேன் அண்ணன் வந்தார். அவர் அரசு உரிமம் பெற்றவர். அவர் சொன்னதையும் காட்டியதையும் வைத்துத்தான் இந்தப் பாடம் எழுதப்பட்டது.

2. மின்சாரம் வந்த வழி

பெங்களூருக்கு மின்சாரம் காவிரி ஆற்றிலிருந்து வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அங்கே மின் நிலையம் கட்டினார்கள். 1902ஆம் ஆண்டு அங்கிருந்து கோலார் தங்க வயலுக்கு முதலில் மின்சாரம் போயிற்று. தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி பெங்களூர் மார்க்கெட் பகுதியில் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தன.

அதன் பிறகு வீடுகளுக்கும் மின்சாரம் வந்தது. அந்தக் காலத்து வீடுகளில் விளக்குக்காகத்தான் வயர் போட்டார்கள். சுவரில் மரச் சட்டம் அடித்தார்கள். அதன் மேல் இரண்டு கம்பிகளை இழுத்தார்கள். அன்றைக்குக் கிரைண்டர் இல்லை. பிரிட்ஜ் இல்லை. வாஷிங் மெஷின் இல்லை. இன்று அவை எல்லாம் வந்துவிட்டன. பல பழைய வீடுகளில் வயர் மட்டும் அதே பழைய வயர்.

3. மூன்று கம்பிகள்

மின்சாரம் போக ஒரு வழி வேண்டும். திரும்பி வர ஒரு வழி வேண்டும். அப்போதுதான் விளக்கு எரியும். மோட்டார் சுற்றும்.

மின்சாரத்தைக் கொண்டு வரும் கம்பிக்குப் பேஸ் என்று பெயர். திரும்பக் கொண்டு போகும் கம்பிக்கு நியூட்ரல் என்று பெயர். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஆளைக் கொல்ல இது போதும்.

மூன்றாவது கம்பிக்கு எர்த் என்று பெயர். எர்த் என்றால் மண். இந்தக் கம்பி மண்ணோடு சேர்ந்திருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போது இந்தக் கம்பிக்கு வேலை இல்லை. சும்மா இருக்கும். அதனால்தான் பலர் "இது எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள்.

கிரைண்டருக்குள் வயரின் தோல் தேய்ந்துவிட்டது என்று வையுங்கள். அல்லது மோட்டாரில் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்போது மின்சாரம் கிரைண்டரின் இரும்பு உடம்புக்கு வரும். எர்த் கம்பி இருந்தால் அந்த மின்சாரம் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும். எர்த் கம்பி இல்லை என்றால் அது காத்திருக்கும். நாம் தொட்டவுடன் நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும். அப்போது நாம்தான் மூன்றாவது கம்பி.

சாக்கெட்டைப் பாருங்கள். மேலே ஒரு பெரிய துளை. கீழே இரண்டு சிறிய துளைகள். மேலே உள்ளதுதான் எர்த். பிளக்கிலும் மேல் கால்தான் நீளம், அதுதான் பருமன். ஏன்? செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும். பிடுங்கும்போது எர்த் கடைசியில் விலக வேண்டும்.

பிளக்கின் உள்ளே ஆங்கில எழுத்துகள் இருக்கும். எல் என்ற எழுத்து பேஸ். என் என்ற எழுத்து நியூட்ரல். ஈ என்ற எழுத்து எர்த். நம் மையத்தில் அன்று எல்லோரும் இந்த மூன்று எழுத்துகளையும் எழுதிப் பழகினோம்.

வீட்டு வயரிங்கில் சிவப்புக் கம்பி பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். கருவிகளோடு வரும் வயரில் பழுப்பு பேஸ். நீலம் நியூட்ரல். பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஆனால் பழைய வீட்டில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கையில் கிடைத்த வயரை யாராவது போட்டிருக்கலாம்.

4. பொய் சொல்லும் சாக்கெட்

வயர்மேன் அண்ணன் அக்கா வீட்டுக்குப் போனார். மெயினை நிறுத்தினார். புதிய சாக்கெட்டைத் திறந்தார். எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சுவரிலிருந்து இரண்டு கம்பிகள்தான் வந்தன. பிறகு எர்த் துளைக்கு என்ன கொடுத்திருந்தான் அந்தப் பையன்? நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த்தில் முடிந்திருந்தான்.

"அதனாலதானே சுரீர்னு அடிச்சது நின்னுச்சு?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாங்க்கா. கசிஞ்ச கரண்ட் நியூட்ரல் வழியாத் திரும்பிப் போச்சு. அதனால உங்களுக்குத் தெரியல. நோவு நிக்கல, மறைஞ்சிடுச்சு" என்றார் அவர்.

பிறகு பியூஸ் கட்டைகளைக் காட்டினார். பழைய வீடுகளில் பேஸ் கம்பியில் ஒரு பியூஸ் கட்டை இருக்கும். நியூட்ரல் கம்பியிலும் ஒன்று இருக்கும். நியூட்ரலில் பியூஸ் இருக்கக் கூடாது. அந்த மழை நாளில் நியூட்ரல் பக்கத்துப் பியூஸ்தான் போயிருந்தது.

இப்போது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பேஸ் கம்பியில் மின்சாரம் இருந்தது. அது விசிறிக்குள் போனது. கிரைண்டர் மோட்டாருக்குள்ளும் போனது. ஆனால் திரும்பிப் போக வழி இல்லை. நியூட்ரல் அறுந்துவிட்டது. அதனால் விசிறி நின்றது, விளக்கு அணைந்தது.

வீட்டுக்குள் இருந்த நியூட்ரல் கம்பி முழுவதும் மின்சாரம் ஏறி நின்றது. நியூட்ரலை எர்த்தோடு முடிந்திருந்தார்கள் அல்லவா? அதனால் கிரைண்டரின் உடம்பிலும் மின்சாரம் ஏறியது. அக்கா தொட்டார். ஈரத் தரையில் நின்றிருந்தார். மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிட்டது.

விளக்கு அணைந்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இதை நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் விளக்கு அணைந்தால் எந்தக் கருவியையும் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள்.

சாக்கெட்டில் மூன்று துளைகள் இருக்கலாம். சுவருக்குள் மூன்று கம்பிகள் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பி இல்லாத மூன்று துளை சாக்கெட் பொய் சொல்லும் சாக்கெட். இரண்டு துளை சாக்கெட்டாவது உண்மையைச் சொல்கிறது. "என்னிடம் எர்த் இல்லை" என்கிறது.

செய்யக் கூடாதவை இவை:

நியூட்ரலை எர்த் துளையோடு சேர்க்கக் கூடாது.

எர்த் துளையைச் சும்மா விட்டு மூன்று துளை சாக்கெட் போடக் கூடாது.

பிளக்கின் எர்த் காலை வெட்டக் கூடாது.

வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகக் கூடாது.

எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டக் கூடாது. ஒரு வீட்டில் கசிந்தால் குழாயடியில் நிற்கும் எல்லோருக்கும் ஷாக் அடிக்கும். இப்போது பல இடங்களில் மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாய்தான் போகிறது. அந்தக் குழாய் எர்த் ஆகாது. கேஸ் குழாயிலும் கட்டக் கூடாது.

5. டெஸ்டர் மட்டும் போதாது

பலர் வீட்டில் டெஸ்டர் இருக்கும். துளையில் வைத்தால் உள்ளே சிறிய விளக்கு எரியும். அது பேஸ் எந்தத் துளையில் இருக்கிறது என்று காட்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று காட்டாது. கடையில் சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்குக் கருவி விற்கிறார்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிந்திருந்தால் அதுவும் ஏமாந்துவிடும். "எல்லாம் சரி" என்று காட்டும்.

ஆகவே மெயினை நிறுத்தி, சாக்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். மண்ணோடு உள்ள இணைப்பை எர்த் டெஸ்டர் என்ற கருவியால் அளக்க வேண்டும். பழைய வயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று மெக்கர் என்ற கருவியால் பார்க்க வேண்டும். இது தெரிந்தவர் செய்யும் வேலை.

6. சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மின்சார ஆணையம் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் அருகில் இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளிலும் இப்படித்தான் இருந்தது. பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்தபடியே மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

இரண்டு துளை சாக்கெட்டை மூன்று துளையாக்கி எர்த் கம்பி இழுப்பது அப்படிப்பட்ட சின்ன வேலை அல்ல. அது வயரிங்கையே மாற்றும் வேலை. கர்நாடகத்தில் ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தருவது அரசின் மின் ஆய்வுத் துறை. வேலைக்கு வருபவரிடம் "உரிமத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். வாங்கிப் படித்துப் பார்க்கலாம். நாம் படிக்கக் கற்றது இதற்கும்தான்.

வயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. வயரிங்குக்கு ஐ.எஸ். 732. எர்த்துக்கு ஐ.எஸ். 3043. பிளக், சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293. சாக்கெட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையின் மேலே அந்த எண் இருக்கும்.

7. சரியான வேலை எப்படி நடக்கும்?

வேலையை நாம் செய்யப் போவதில்லை. ஆனால் சரியாக நடக்கிறதா என்று நாம் பார்க்க வேண்டும்.

முதலில் மெயினை நிறுத்துவார்கள். பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது அல்லவா? பிறகு டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் இல்லை என்று தெரிந்த பிறகே கை வைப்பார்கள்.

அடுத்தது எர்த் குழி. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளித் தோண்டுவார்கள். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நட்டுவைப்பார்கள். குழாயின் நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. உள் விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறிப் போடுவது வழக்கம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெங்களூரில் சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும். அங்கே என்ன செய்வது என்று அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. மார்ச் முதல் மே வரை குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குழியிலிருந்து மெயின் போர்டு வரை எர்த் கம்பி வரும். அங்கிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சைக் கம்பி போகும். அந்தக் கம்பிக்கு நடுவில் சுவிட்சும் இருக்கக் கூடாது. பியூசும் இருக்கக் கூடாது.

சாக்கெட்டின் சுவிட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்த பியூஸ் கட்டையை எடுத்துவிட வேண்டும். பழைய வயரின் தோல் உடைந்திருந்தால் எர்த் மட்டும் போட்டால் போதாது. வயரையே மாற்ற வேண்டும்.

8. ஆளைக் காக்கும் சுவிட்ச்

எர்த் போட்டாகிவிட்டது. இனிப் பயம் இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மண் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையை ஓம் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு குழியின் தடை 20 ஓம் என்று வைப்போம். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5. அதாவது 11.5 ஆம்பியர் மின்சாரம்தான் மண்ணுக்குப் போகும். கிரைண்டருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் அது விழாது. மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும்.

அதனால் இன்னொரு காவல் வேண்டும். அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். மெயின் போர்டில் பொருத்துவார்கள். போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். போனது முழுவதும் திரும்பவில்லை என்றால் வழியில் எங்கோ கசிகிறது. உடனே விழுந்துவிடும்.

வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று. 30 மில்லி ஆம்பியர் மிகச் சிறிய அளவு. அவ்வளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

எம்.சி.பி. கம்பியைக் காக்கும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழவில்லை என்றால் அது கெட்டுவிட்டது. சில வீடுகளில் அடிக்கடி விழும். தொல்லை என்று கழற்றிவிடாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பேஸை ஒரு கையாலும் நியூட்ரலை மறு கையாலும் தொட்டால் அது காக்காது. போனது திரும்பி வந்துவிட்டது என்றுதான் அது நினைக்கும்.

உடனே எர்த் போட வசதி இல்லையா? வயர்மேனைக் கேட்டு ஆர்.சி.சி.பி.யை முதலில் போடலாம். எர்த் கம்பி இல்லாத வீட்டிலும் அது ஆளைக் காக்கும். ஆனால் நாம் தொட்டுக் கசிந்த பிறகுதான் விழும். ஆகவே அது தற்காலிக ஏற்பாடுதான். எர்த் போடும் வரை இரும்பு உடம்புள்ள கருவிகளை இரண்டு துளை சாக்கெட்டில் ஓட்டக் கூடாது. செல்போன் சார்ஜர் போன்ற சில கருவிகளில் சதுரத்துக்குள் சதுரம் என்று ஒரு குறி இருக்கும். அவற்றுக்கு இரட்டைக் காப்பு உண்டு. எர்த் தேவையில்லை.

9. ஒரு கடிதம்

வேலை என்ன என்று தெரிந்துவிட்டது. செலவு யாருடையது?

அக்கா வீட்டுக்காரரிடம் பேசினார். "இத்தனை வருஷம் இல்லாத எர்த் இப்ப எதுக்கு? உன் கிரைண்டரை மாத்து" என்றார் அவர்.

கிரைண்டரைப் பழுது பார்க்க வேண்டியது உண்மைதான். அக்கா அதைச் செய்துவிட்டார். ஆனால் நாளைக்கு வேறொரு வீட்டில் வேறொரு கருவி கசியும். ஆறு வீடுகளிலும் அதே இரண்டு கம்பிதான்.

2021ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டத்தை வெளியிட்டது. வயரிங் வேலை வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. இது மாதிரிதான். மாநிலம் ஏற்றால்தான் சட்டம் ஆகும். ஆனாலும் பேச்சைத் தொடங்க இது ஒரு நல்ல வழி என்று நாங்கள் நினைத்தோம்.

மையத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டுக் கன்னடப் பெண் அதைக் கன்னடத்தில் எழுதித் தந்தார். கடிதம் இதுதான்:

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் உங்கள் வட்டாராவில் குடியிருக்கும் ஆறு குடும்பத்தார். இங்கே உள்ள வயரிங்கில் எர்த் கம்பி இல்லை. சென்ற மாதம் மூன்றாவது வீட்டில் ஒருவருக்கு ஷாக் அடித்தது. உயிர் பிழைத்தது பெரிய காரியம். உரிமம் பெற்ற வயர்மேன் பார்த்து விலைச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார். அதை இத்துடன் வைத்திருக்கிறோம். எர்த் குழியும், வயரும், ஆர்.சி.சி.பி.யும் நீங்கள் போட்டுத் தர வேண்டும். சாக்கெட்டும் பிளக்கும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். வீடும் உங்களுடையது. தீப்பிடித்தால் நஷ்டம் உங்களுக்கும்தான். மழைக்காலத்துக்கு முன் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆறு வீட்டார்

கீழே ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது வீட்டுத் தாத்தா இதுவரை கைநாட்டு வைத்தவர். அன்று மெதுவாகத் தன் பெயரை எழுதினார். மை உறை எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் இரண்டு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் நேரில் வந்தார். சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். பார்த்தார். "பாதிப் பணம் இப்ப, பாதி தீபாவளிக்கு அப்புறம்" என்றார். வயர்மேன் ஒப்புக்கொண்டார். முற்றத்தின் மூலையில் குழி தோண்டினார்கள். ஒரே குழியிலிருந்து ஆறு வீட்டுக்கும் எர்த் கம்பி போனது. வீட்டுக்கு ஓர் ஆர்.சி.சி.பி. வந்தது. இரண்டு வீடுகளில் பழைய வயரை மாற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு வீட்டில் வேலை இன்னும் முடியவில்லை. அந்த வீட்டார் பிரிட்ஜை ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

அக்கா மறுபடி மாவு அரைக்கிறார். மாதம் பிறந்ததும் பொத்தானை அழுத்திப் பார்க்கிறார். சுவிட்ச் விழுந்தால் நாட்காட்டியில் "சரி" என்று எழுதி வைக்கிறார்.

10. ஷாக் அடித்தால்

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு மட்டும் 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அக்காவின் மகன் செய்ததைப் போலச் செய்யுங்கள்.

அடிபட்டவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். மெயின் தூரத்தில் இருந்தால் காய்ந்த கட்டையால் அவரை விலக்குங்கள். நீங்கள் காய்ந்த இடத்தில் நில்லுங்கள்.

108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை விடாதீர்கள்.

தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் இதில் எதையும் செய்யாதீர்கள். அதில் வீட்டு மின்சாரத்தைவிடப் பல மடங்கு அழுத்தம் இருக்கலாம். கட்டையாலும் தொடக் கூடாது. தள்ளி நின்று மற்றவர்களைத் தடுங்கள். 1912க்குப் போன் செய்யுங்கள். அது பெஸ்காம் மின்சார நிறுவனத்தின் எண்.

கேள்விகள்

1. கரண்ட் போகாதபோதே அக்கா வீட்டில் விளக்கு ஏன் அணைந்தது?

2. சுரீர் என்பது நின்ற பிறகும் ஆபத்து இருந்தது. எப்படி?

3. ஒரு எர்த் குழியின் தடை 10 ஓம். 230ஐ 10ஆல் வகுங்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைத் தாண்டுமா?

4. எம்.சி.பி. எதைக் காக்கும்? ஆர்.சி.சி.பி. எதைக் காக்கும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுச் சாக்கெட்டுகளை எண்ணுங்கள். இரண்டு துளை எத்தனை? மூன்று துளை எத்தனை? எதையும் திறக்க வேண்டாம். எண்ணி எழுதினால் போதும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் மேலே உள்ள கடிதத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த வகுப்பில் எல்லோரும் படித்துக் காட்டுவோம்.

புதிய சொற்கள்

பேஸ் - மின்சாரத்தைக் கொண்டு வரும் கம்பி
நியூட்ரல் - மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி
எர்த் - மண்ணோடு சேர்க்கும் காவல் கம்பி
எம்.சி.பி. - அளவுக்கு மேல் மின்சாரம் போனால் விழும் சுவிட்ச்
ஆர்.சி.சி.பி. - மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச்
உரிமம் - வேலை செய்ய அரசு தரும் அனுமதிச் சீட்டு